யாரோடு ஒப்பிட்டார்கள்? – மருத்துவ ஆய்வுகள் பற்றிய வாசகர் கேள்விகள்

பல்கலைக்கழக மருத்துவமனைகளின் ஆய்வு முடிவுகள் நாளிதழ்களில் அடிக்கடி தலைப்புச் செய்தியாகின்றன. அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது, ஆய்வில் சேரச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவாக உள்ளவற்றை எடுத்துக்கொண்டு இம்முறை பதில் எழுதியிருக்கிறேன். தத்தம் நோய்க்கு என்ன மருந்து நல்லது என்று கேட்டிருந்தவர்களுக்கு அவர்களை நேரில் பார்த்த மருத்துவரே பதில் சொல்ல முடியும். அக்கடிதங்களை இங்கே சேர்க்கவில்லை.

கேள்வி: மாதவிடாய் நின்ற பிறகு உடல் திடீர் திடீரென்று சூடாகி வியர்த்துக் கொட்டியதால் ஹார்மோன் மாத்திரை எடுத்துவந்தேன். ஒரு பெரிய ஆய்வில் இம்மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியதாகப் படித்துவிட்டுப் பயந்து நிறுத்திவிட்டேன். நூறு பேரில் இருபத்தாறு பேருக்குப் புற்றுநோய் வரும் என்பதுதானே இதன் பொருள்? (52 வயது வாசகி)

பதில்: இல்லை. நீங்கள் படித்தது 2002-ஆம் ஆண்டு வெளியான 'மகளிர் நல முன்முயற்சி' என்ற அமெரிக்க ஆய்வைப் பற்றியதாக இருக்க வேண்டும். கருப்பை அகற்றப்படாத, 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையும், மற்றவர்களுக்குப் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் வெற்று மாத்திரையும் தரப்பட்டன. வெற்று மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது என்றால், ஹார்மோன் எடுத்த 10,000 பெண்களில் 38 பேருக்கு வந்தது. கூடுதலான அந்த எட்டை முப்பதோடு வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 26 சதவீதம். பத்தாயிரத்தோடு வைத்துப் பார்த்தால் ஆயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு கணக்கும் உண்மையே. ஆனால் செய்தித் தலைப்பில் இடம்பிடிப்பது எப்போதும் பெரிய எண்தான். புதிய மருந்து 'மாரடைப்பைப் பாதியாகக் குறைக்கிறது' என்ற செய்திக்கும் இதே கணக்குப் பொருந்தும்: நூற்றுக்கு இருபது பத்தானாலும் பாதிதான், ஆயிரத்துக்கு இரண்டு ஒன்றானாலும் பாதிதான்.

அதே ஆய்வில் ஹார்மோன் எடுத்த 10,000 பேருக்கு ஓராண்டில் இதய நோய் 7 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும் கூடுதலாக வந்தன. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்கும், பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் 6 பேருக்கும் குறைந்தன. நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி, அப்பெண்களின் சராசரி வயது 63 என்பது. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழித்து மாத்திரையைத் தொடங்கியவர்கள் அவர்களில் பெரும்பாலோர். 52 வயதில், தாங்க முடியாத தொல்லைக்காகச் சில காலம் எடுப்பவரின் நிலை வேறு. ஆகவே மருத்துவரிடம் 'இருபத்தாறு சதவீதமாமே' என்று கேட்பதைவிட, 'என் வயதில், என் குடும்ப வரலாற்றில், பத்தாயிரம் பேருக்கு எத்தனை?' என்று கேளுங்கள்.

கேள்வி: இதே ஹார்மோன் இதயத்துக்கு நல்லது என்று அதற்கு முன்பு சொன்னவர்களும் மருத்துவர்கள்தானே? (அதே வாசகி)

பதில்: ஆம். அதற்கு முந்தைய ஆய்வுகள் பல, தாமாகவே ஹார்மோன் எடுத்துக்கொண்டிருந்த பெண்களையும் எடுக்காத பெண்களையும் பல ஆண்டுகள் கவனித்தவை. எடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே இருந்தது. ஆனால் அவர்கள் பொதுவாகக் கூடுதல் வசதியும் படிப்பும் உள்ளவர்கள், மருத்துவரிடம் தவறாமல் செல்பவர்கள். மாத்திரை இல்லாமலே அவர்களுக்கு மாரடைப்பு குறைந்திருக்கக்கூடும். காபி, வைட்டமின், காலை உணவு ஆகியவை பற்றி வாரந்தோறும் வரும் செய்திகளில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்பதால், அவற்றுக்கு நான் அதிக நேரம் ஒதுக்குவதில்லை.

கேள்வி: என் தாயாருக்கு இதயச் செயலிழப்பு. சிகிச்சை பெறும் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு புதிய மருந்தின் ஆய்வில் சேர அழைக்கிறார்கள். அவருக்கு உண்மையான மருந்து கிடைக்குமா, வெற்று மாத்திரை கிடைக்குமா என்பதைக் கணினி சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானிக்குமாம், மருத்துவருக்கே தெரியாதாம். நோயாளியை வைத்துச் சூதாடுவது என்ன நியாயம்? (வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் கோபம் இயல்பானது. முதலில் ஒரு சந்தேகத்தை நீக்கிவிடுகிறேன். இதயச் செயலிழப்பு போன்ற நோயில் 'வெற்று மாத்திரைக் குழு' என்றால் சிகிச்சையே இல்லாத குழு என்று பொருளல்ல. உங்கள் தாயார் இப்போது எடுத்துவரும் மருந்துகள் எல்லாம் தொடரும். அவற்றோடு கூடுதலாகப் புதிய மருந்தோ வெற்று மாத்திரையோ சேரும். இது அப்படித்தானா என்று ஒப்புதல் படிவத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சீட்டுக் குலுக்கல் எதற்கு என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1940-களின் இறுதியில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்தபோது, பிரிட்டனில் அது எல்லோருக்கும் தரும் அளவுக்குக் கிடைக்கவில்லை. மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 107 நோயாளிகளைச் சேர்த்தது. 55 பேருக்கு ஊசியும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு அக்காலத்து வழக்கப்படி படுக்கை ஓய்வு மட்டும். யார் எந்தப் பக்கம் என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர், முன்கூட்டியே வகுத்த எதேச்சையான எண் வரிசைப்படி, முத்திரையிட்ட உறைகளை ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அனுப்பியிருந்தார். உறையின் மேல் மருத்துவமனையின் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கும். நோயாளி ஆய்வுக்குத் தகுதியானவர் என்று முடிவான பின்னரே உறை திறக்கப்படும். உள்ளிருக்கும் அட்டையே அவர் எந்தக் குழு என்று சொல்லும். தேறிவிடுவார் என்று தோன்றுபவருக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, தேறமாட்டார் என்று தோன்றுபவரை மறுபக்கம் ஒதுக்கும் ஆசை எந்த மருத்துவருக்கும் வரும். நல்ல மனத்தோடே வரும். அதற்குத்தான் அந்த உறை. ஆறு மாதத்தில் ஊசி போட்ட 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். இரு பக்கமும் ஒத்த நிலையில் இருந்தவர்கள் என்பதால்தான் இந்த வித்தியாசத்தை மருந்தின் கணக்கில் எழுத முடிந்தது. கிருமி மருந்துக்குப் பழகிவிடுகிறது என்ற கசப்பான உண்மையும் இதே ஆய்வில் தெரியவந்தது. ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் இன்றைய முறை அதன் பிறகு உருவானது.

புதிய மருந்து கிடைப்பது அதிர்ஷ்டம், வெற்று மாத்திரை கிடைப்பது துரதிர்ஷ்டம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது எப்போதும் சரியாக இருப்பதில்லை. மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பில் இடையிடையே தவறும் துடிப்புகள் இருப்பவர்கள் திடீரென்று இறப்பது அதிகம் என்று 1980-களில் தெரிந்திருந்தது. என்கைனைடு, ஃபிளெக்கைனைடு என்ற மருந்துகள் அந்தத் தவறும் துடிப்புகளை அடக்கின. இதயவரைபடத்தில் கண்ணெதிரே மாற்றம் தெரிந்தது. ஆகவே உயிரையும் காக்கும் என்று நம்பி மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். அமெரிக்காவில் முறையான ஆய்வு நடத்தியபோது, சராசரியாகப் பத்து மாதக் காலத்தில் மருந்து எடுத்த 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். வரைபடம் சீராயிற்று, நோயாளி இறந்தார். 1989-இல் ஆய்வில் இவ்விரு மருந்துகளைத் தந்த பகுதி அவசரமாக நிறுத்தப்பட்டது. 'கொடுக்காமல் விடுவது நியாயமா' என்று கேட்கப்பட்ட மருந்து அது.

உங்கள் தாயாரைச் சேர்க்க வேண்டுமா என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் குழு நல்லது என்று உலகில் யாருக்கும் உண்மையாகவே தெரியாதபோது மட்டுமே சீட்டுக் குலுக்கலாம் என்பது இத்துறையின் அடிப்படை விதி. 'உங்களுக்கே தெரியாதா?' என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். 'தெரியாது' என்றால் அது நேர்மையான பதில். 'இது கண்டிப்பாக நல்ல மருந்து' என்று அவர் சொன்னால்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

கேள்வி: ஒப்புதல் படிவம் இருபது பக்கத்துக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா? கையெழுத்துப் போட்டபின் விலகினால் மருத்துவமனையில் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? (வாசகி ஒருவர்)

பதில்: முழுவதும் படிப்பதே நல்லது. முடியாவிட்டால் சில இடங்களையாவது நிதானமாகப் படியுங்கள். ஆய்வில் சேராவிட்டால் எனக்குக் கிடைக்கக்கூடிய வழக்கமான சிகிச்சை எது? ஆய்வுக்காகக் கூடுதலாக எத்தனை முறை வர வேண்டும், எத்தனை முறை ரத்தமோ திசுவோ எடுப்பார்கள்? ஆய்வால் உடலுக்குக் கேடு நேர்ந்தால் யார் செலவில் சிகிச்சை? நள்ளிரவில் மூச்சுத்திணறினால் எந்த எண்ணுக்கு அழைப்பது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. படிவத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கவும், உறவினரிடம் கலந்து பேசவும் கேட்டால் மறுக்கக்கூடாது. 'இப்போதே போட்டால்தான்' என்று யாராவது அவசரப்படுத்தினால், அவசர சிகிச்சைக்கான ஆய்வாக இருந்தாலொழிய, அது சரியல்ல.

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக்கூடாது. இந்த உரிமை எளிதில் வந்ததல்ல. மேலே பாராட்டிச் சொன்ன ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில்கூட, படுக்கை ஓய்வுக் குழுவில் இருந்தவர்களுக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே சொல்லப்படவில்லை. அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை, நோய் அதன் போக்கில் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காகவே அரசின் பொதுச் சுகாதாரத் துறை கண்காணித்துவந்தது. இடையில் பென்சிலின் வந்து, அந்நோயைக் குணப்படுத்தும் என்று தெரிந்த பின்னும் அவர்களுக்கு அது தரப்படவில்லை. மனிதர்களிடம் ஆய்வு நடத்துவதற்கு விதி வகுத்த 1947-இன் நியூரம்பெர்க் நெறிகளும் 1964-இன் ஹெல்சின்கி பிரகடனமும் ஏட்டில் இருந்த காலத்திலேயே அது தொடர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏட்டில் இருக்கும் விதியை நடைமுறையில் காப்பது, நீங்கள் வாய்திறந்து கேட்கும் கேள்விகளும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவும்தான். அக்குழுவின் தொடர்பு விவரமும் படிவத்திலேயே இருக்கும்.

கேள்வி: எலியிலும் குரங்கிலும் வெற்றி பெற்ற மருந்து மனிதனுக்கு மட்டும் ஏன் ஒத்துவராமல் போகிறது? (கல்லூரி மாணவர்)

பதில்: உடலின் எதிர்ப்பாற்றல் அமைப்பு விலங்குக்கு விலங்கு மாறுவது ஒரு முக்கியக் காரணம். 2006-இல் லண்டனில், எதிர்ப்பாற்றல் செல்களைத் தூண்டும் 'டிஜிஎன்1412' என்ற மருந்து முதல் முறையாக மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டது. குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஆயினும் அதைப் பெற்ற ஆறு இளைஞர்களும் சில மணி நேரத்தில் உறுப்புகள் செயலிழக்கும் நிலைக்குப் போய்த் தீவிர சிகிச்சையில் உயிர் பிழைத்தார்கள். ஆறு பேருக்கும் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஊசி போட்டதுதான் பெரும் தவறு; முதலாமவரைப் பார்த்திருந்தால் மற்ற ஐவர் தப்பியிருப்பார்கள். இப்போது முதல் நபருக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது நடைமுறையாகிவிட்டது.

கேள்வி: கொரோனா காலத்தில் ஸ்டீராய்டு உயிர்காக்கும் என்றார்கள், பிறகு அதுவே ஆபத்து என்றார்கள். ஒரே மருந்து எப்படி இரண்டாகவும் இருக்க முடியும்? (மருந்தாளுநர் ஒருவர்)

பதில்: இருக்க முடியும். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் வழிநடத்திய 'ரெக்கவரி' ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது. 2020 மார்ச்சில் தொடங்கி, நூறு நாள்களுக்குள்ளாகவே ஜூன் 16 அன்று டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பற்றிய முடிவை அறிவித்தார்கள். நாளுக்கு ஆறு மில்லிகிராம் பெற்ற 2,104 பேரையும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேரையும் ஒப்பிட்டதில், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களிடையே 28 நாள்களுக்குள் நேர்ந்த மரணம் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் 26.2 சதவீதம் 23.3 ஆயிற்று. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடமோ ஸ்டீராய்டு பெற்றவர்களில் 17.8 சதவீதமும் பெறாதவர்களில் 14 சதவீதமும் இறந்தார்கள். இந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம், ஆனால் பயன் இருந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. தொடக்கத்தில் நோயை உண்டாக்குவது வைரஸ். அப்போது எதிர்ப்பாற்றலை அடக்கினால் வைரஸுக்குத்தான் சாதகம். பிற்பாடு நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் உடலின் சொந்த அழற்சி. அப்போது அதை அடக்கினால் உயிர் பிழைக்கலாம். காய்ச்சல் வந்த முதல் நாளே வீட்டில் ஸ்டீராய்டு விழுங்கியவர்கள், ஆய்வு யாருக்குப் பயன் என்று சொன்னதோ அவர்களில் சேராதவர்கள்.

இதே ஆய்வில்தான் ஹைட்ராக்சிக்குளோரோகுவின் பயனற்றது என்பதும் உறுதியாயிற்று: அதைப் பெற்றவர்களில் 27 சதவீதம் பேரும் பெறாதவர்களில் 25 சதவீதம் பேரும் இறந்தார்கள். அந்த மாத்திரைக்காக உலகமே அலைந்த மாதங்களை நீங்கள் மருந்துக் கடையில் நின்று பார்த்திருப்பீர்கள். கேட்டு வந்தவர்களிடம் சொல்ல அன்று இந்த எண்கள் இல்லை.

கேள்வி: மலக்குடல் புற்றுநோய் உள்ள பன்னிரண்டு பேருக்குப் புதிய மருந்து கொடுத்ததில் பன்னிரண்டு பேருக்கும் கட்டி மறைந்துவிட்டது என்று படித்தேன். நூற்றுக்கு நூறு வெற்றி! ஒப்பீட்டுக் குழு எதுவும் இல்லையே, இதை நம்பலாமா? நம்பலாம் என்றால் ஏன் எல்லோருக்கும் தருவதில்லை? (பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: நம்பலாம். நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் 2022-இல் வெளியிட்ட ஆய்வு அது. டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆறு மாதம் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் எந்தச் சோதனையிலும் கட்டி தென்படவில்லை. கதிரியக்கமும் அறுவை சிகிச்சையும் தேவைப்படவில்லை. 2025-இல் வெளியான தொடர்ச்சியில் 49 நோயாளிகளுக்கும் அதே பலன் கிடைத்தது. மலக்குடல் புற்றுநோய் மருந்தில்லாமல் தானாக மறைவதில்லை. ஆகவே அதுவரை அறிந்த நோயாளிகளின் அனுபவமே ஒப்பீட்டுக் குழுவாகிவிட்டது. பலன் இவ்வளவு பெரிதாக இருந்தால் சீட்டுக் குலுக்க வேண்டியதில்லை. இதய நோய் மருந்துகளைப்போல நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வித்தியாசம் செய்யும் மருந்துகளுக்குத்தான் ஆயிரக்கணக்கானோர் தேவைப்படுகிறார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். செல் பிரியும்போது மரபணுவில் ஏற்படும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதான கட்டிகள் உள்ளவர்களை மட்டுமே இந்த ஆய்வில் சேர்த்தார்கள். திருத்தப்படாத பிழைகள் குவிந்துகிடப்பதால் அக்கட்டி உடலின் எதிர்ப்பாற்றலுக்கு அந்நியமாகத் தெரியும். மருந்து எதிர்ப்பாற்றலின் தடையை விலக்கினால் போதும், மற்றதை உடலே பார்த்துக்கொள்ளும். மலக்குடல் புற்றுநோயாளிகளில் அத்தகைய கட்டி இருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான். மற்றவர்களிடம் இம்மருந்து இப்படி வேலை செய்வதில்லை. உங்களுக்கு வேண்டியவர் யாருக்காவது இந்நோய் இருந்தால், திசுப் பரிசோதனையில் 'பிழைதிருத்தப் புரதங்கள்' சோதிக்கப்பட்டனவா என்று கேட்கச் சொல்லுங்கள். செய்தியைப் படித்ததால் கிடைக்கும் உண்மையான பயன் அதுதான்.

கேள்வி: ஆய்வு தோற்றுப்போனால் அதையும் வெளியிடுவார்களா? (இரண்டு வாசகர்கள் வெவ்வேறு கடிதங்களில் கேட்டது)

பதில்: வெளியிட வேண்டும், பல ஆண்டுகள் பாதிகூட வெளியிடவில்லை. மன அழுத்தத்துக்கான பன்னிரண்டு மருந்துகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவாகியிருந்த 74 ஆய்வுகளை எடுத்து, அவற்றில் எவை ஆய்விதழ்களில் வந்தன என்று 2008-இல் ஒரு குழுவினர் தேடிப்பார்த்தார்கள். கட்டுப்பாட்டு அமைப்பு 'பயன் தெரிகிறது' என்று மதிப்பிட்டவை 38; அவற்றில் 37 அச்சேறியிருந்தன. 'பயன் இல்லை' அல்லது 'ஐயத்துக்குரியது' என்று மதிப்பிட்டவை 36. அவற்றில் 22 வெளிவரவே இல்லை, 11 பயன் இருப்பதுபோலத் தோன்றும்படி எழுதப்பட்டு வெளிவந்தன, மூன்று மட்டுமே உள்ளதை உள்ளபடி சொல்லி வெளிவந்தன. ஆய்விதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்கு ஏறத்தாழ எல்லா ஆய்வுகளும் வெற்றி. உண்மையில் பாதிதான் வெற்றி. மருந்து பயனற்றது என்பதல்ல இதன் பொருள். பயன் இருக்கிறது, அச்சில் தெரிந்த அளவுக்கு இல்லை.

இதற்கு மருந்தாக வந்ததே முன்பதிவு. எத்தனை பேரைச் சேர்க்கப்போகிறோம், எதை அளக்கப்போகிறோம், எத்தனை மாதம் கழித்து அளப்போம் என்பதையெல்லாம் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். எழுதாத ஆய்வை அச்சிட மாட்டோம் என்று முன்னணி மருத்துவ ஆய்விதழ்கள் 2005 முதல் விதித்தன. அம்பு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்துவிட்டு 'குறி தவறவில்லை' என்று சொல்ல இனி வழியில்லை, அல்லது சொன்னால் கண்டுபிடித்துவிடலாம். பதிவெண் ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்திலும் இருக்கும். பதிவேடுகள் இணையத்தில் யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கின்றன. முதலில் 'இறப்பு குறைகிறதா' என்று எழுதிவிட்டு, கட்டுரையில் 'ரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவு குறைந்தது' என்று கொண்டாடினால், நடுவில் என்ன நடந்தது என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

கேள்வி: புகழ்பெற்ற பல்கலைக்கழக மருத்துவமனை என்ற பெயர் ஒன்றே போதாதா? ஒவ்வொன்றையும் நாம் சந்தேகப்பட வேண்டுமா? (வாசகர் ஒருவர்)

பதில்: போதாது. மருத்துவ நோபல் பரிசைத் தீர்மானிக்கும் கரோலின்ஸ்கா நிறுவனத்தோடு இணைந்த ஸ்டாக்ஹோம் மருத்துவமனையில் 2011-ஆம் ஆண்டு, பாவ்லோ மாக்கியாரினி என்ற அறுவை மருத்துவர், பிளாஸ்டிக் குழாயில் நோயாளியின் சொந்த செல்களைப் பரப்பி மூச்சுக்குழாயாகப் பொருத்தினார். உலகமே வியந்தது. முன்னணி ஆய்விதழில் கட்டுரையும் வந்தது. அங்கு அவ்வாறு குழாய் பொருத்தப்பட்ட மூவரும் பின்னர் இறந்தார்கள். போதிய விலங்குச் சோதனை இல்லாமலே மனிதர்களுக்குச் செய்யப்பட்டது என்பதையும், கட்டுரைகளில் எழுதப்பட்ட நிலை நோயாளிகளின் கோப்புகளில் இருந்ததோடு பொருந்தவில்லை என்பதையும் அதே மருத்துவமனையின் நான்கு மருத்துவர்கள் கோப்புகளைப் புரட்டிக் கண்டுபிடித்துப் புகார் செய்தார்கள். நிறுவனம் முதலில் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. பிறகு முடிவை மாற்றிக்கொண்டது. 2023-இல் ஸ்வீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. பெயர்பெற்ற இடம் என்பதே இங்கே கேள்விகளை அடக்கிவைத்தது. எல்லாவற்றையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஒரே இடத்தில், ஒரே குழுவினர், ஒப்பீடே இல்லாமல் செய்ததை, இன்னோர் இடத்தில் இன்னொரு குழு செய்து பார்க்கும்வரை பொறுத்திருக்கலாம் என்றே சொல்கிறேன்.

கேள்வி: அறுவை சிகிச்சைக்கு முன், மிஞ்சும் ரத்தத்தையும் திசுவையும் ஆய்வுக்காகச் சேமிக்கலாமா என்று தனியாக ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். போட்டுவிட்டேன். தவறு செய்துவிட்டேனா? (வாசகி ஒருவர்)

பதில்: தவறில்லை. அவர்கள் கேட்டதே ஒரு முன்னேற்றம். 1951-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற பெண்ணிடம் கேட்காமலே எடுத்த செல்கள், ஆய்வகத்தில் சாகாமல் பெருகி, போலியோ தடுப்பூசி முதல் பல ஆய்வுகளுக்குப் பயன்பட்டன. அவர் அதே ஆண்டில் இறந்தார். குடும்பத்தாருக்கு விவரம் தெரியவந்தது இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கழித்துத்தான். அச்செல்களால் லாபம் ஈட்டிய ஒரு நிறுவனத்தோடு குடும்பத்தார் தொடுத்த வழக்கு 2023-இல் சமரசமாக முடிந்தது. நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: மாதிரியில் உங்கள் பெயர் இருக்குமா, வணிக நிறுவனங்களுக்கு அது தரப்படுமா, மனம் மாறினால் அழிக்கச் சொல்ல முடியுமா. இப்போதும் கேட்கலாம்.

கேள்வி: பிறவிக் குறைபாடுள்ள ஒரு குழந்தைக்கு மரபணுவையே திருத்திச் சிகிச்சை அளித்ததாகச் செய்தி வந்தது. எங்கள் பேரனுக்கு வேறொரு மரபணுக் குறைபாடு இருக்கிறது. அவனுக்கும் இது கிடைக்குமா? (தாத்தா ஒருவர்)

பதில்: உங்களுக்குப் பொய்யான நம்பிக்கையும் தரக்கூடாது, நம்பிக்கையைப் பறிக்கவும் கூடாது. 2025 மே மாதத்தில் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் வெளியிட்ட செய்தி அது. புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற முடியாத நோய் அக்குழந்தைக்கு. இந்நோயின் கடுமையான வடிவத்தில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் சிசுப் பருவத்திலேயே இறந்துவிடுகின்றன. அக்குழந்தையின் மரபணுவில் இருந்த குறிப்பிட்ட ஒரே ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கென்றே, ஆறு மாதத்தில் ஒரு மருந்தை உருவாக்கி, நுண்ணிய கொழுப்பு உருண்டைகளில் அடைத்து, ரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்கு அனுப்பினார்கள். அதன் பின் குழந்தை கூடுதல் புரதம் உண்ண முடிந்தது. அம்மோனியாவைக் குறைக்கும் மருந்தின் அளவைப் பாதியாக்க முடிந்தது. நோய் முற்றிலும் போய்விட்டது என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. இங்கே ஒப்பீடு, அதே குழந்தையின் நேற்றைய நிலையோடுதான். பல ஆண்டுகள் கவனித்துத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

அந்த மருந்து வேறொரு குழந்தைக்குப் பயன்படாது. ஆனால் கொழுப்பு உருண்டையும் திருத்தும் புரதமும் அப்படியே இருக்க, பிழையின் இடத்தைக் காட்டும் வழிகாட்டி மூலக்கூறை மட்டும் மாற்றி அடுத்த குழந்தைக்கு அமைக்கலாம் என்பதே அவர்களின் திட்டம். இப்போதைக்கு இம்முறை எளிதாகச் சென்றடைவது கல்லீரலை மட்டுமே. பேரனின் நோய் தசையிலோ மூளையிலோ இருந்தால் தடை பெரிது. ரத்தத்தில் இருந்தால் வேறு வழி உண்டு: எலும்பு மஜ்ஜை செல்களை வெளியே எடுத்துத் திருத்தி மீண்டும் செலுத்தும் சிகிச்சை, அரிவாள் செல் சோகைக்கு 2023-இன் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. போதிய காலம் கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு, தொடர்ந்து ஓராண்டேனும் கடும் வலித் தாக்குதல் வரவில்லை. திருத்திய செல்களைச் செலுத்தும் முன் பழைய மஜ்ஜையை அழிக்கக் கடுமையான கீமோதெரபி தேவை என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் வேலையாக, பேரனின் மரபணுப் பரிசோதனை அறிக்கையில் பிழையின் துல்லியமான இடம் குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அது இல்லாமல் இத்தகைய மரபணுத் திருத்த ஆய்வில் சேர முடியாது.

கேள்வி: என் கணவர் ஓர் ஆய்வில் இருக்கிறார். மருந்து நன்றாக வேலை செய்கிறது. ஆய்வு முடிந்ததும் நிறுத்திவிடுவார்களா? (வாசகி ஒருவர்)

பதில்: நிறுத்தக்கூடும். பயன் பெற்ற ஒருவருக்கு ஆய்வுக்குப் பின்னும் அம்மருந்து தேவைப்பட்டால் அதற்கான ஏற்பாட்டை ஆய்வு தொடங்கும் முன்பே செய்திருக்க வேண்டும் என்று ஹெல்சின்கி பிரகடனம் கூறுகிறது. ஆனால் நடைமுறையில் சில ஆய்வுகளில் மட்டுமே, எல்லோருக்கும் உண்மையான மருந்தைத் தரும் நீட்சிக் கட்டம் இருக்கும். படிவத்தில் 'ஆய்வு முடிந்த பின்' என்ற பகுதியைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை செல்லும்போது ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். இன்னொன்றையும் கேட்கலாம்: முடிவு வெளியான பிறகு, உங்கள் கணவர் எடுத்தது மருந்தா வெற்று மாத்திரையா என்று சொல்லுமாறு. வேலை செய்வதாக நீங்கள் எழுதியிருப்பது எதுவென்று அப்போதுதான் உங்களுக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும்.